சாயத்தின் பெயர்

பரேல் ஆஸ்பத்திரி, நான்காவது மாடி.
எழுபத்திரண்டு மணி நேரம்
ரத்தத்தைக் கதகதப்பில் வைத்திருப்போம்.
பிறகு ஒரு மருந்து விட்டு
செல்களைப் பாதிப் பிரிவில் நிறுத்துவேன்,
சிக்னலுக்கு நிற்கும் லோக்கல் மாதிரி.
கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு
அரை முழ உயரத்திலிருந்து விழவேண்டும்.
உயரம் கைக்குத் தெரியும்.

அப்போது லென்ஸில் பார்த்தால்
பெரிதாக ஒன்றுமில்லை.
கழுவிக் கவிழ்த்த டம்ளரின் ஈரம்போல ஏதோ.
கீம்சாச் சாயத்தில் முக்கி எடுத்ததும்
நாவற்பழக் கறையாக
நாற்பத்தாறு.

நூற்றுமுப்பது சொச்சம் வருடம் முன்பு
ஜெர்மன்காரர் ஒருவருக்கும் இதே கறைதான் தெரிந்தது.
இன்னதென்று புரியவில்லை,
சாயம் பிடிக்கிறது என்பதுதான் புரிந்தது.
கிரேக்கத்துக்குள் கைவிட்டு
நிறத்துக்கு குரோமா, உடலுக்கு சோமா
என்று இரண்டை எடுத்து ஒட்டிவிட்டார்.
நிறமே இல்லாத ஒன்றுக்கு
நிற உடல் என்று பேர்.
யோசித்தால் அது சாயத்தின் பெயர்,
பாட்டிலின் பெயரைப்
பிள்ளைக்கு வைத்ததுபோல.

பேச்சித்தாய் தாராவியிலிருந்து வந்தாள்.
மூன்று கர்ப்பம். மூன்றும் பத்து வாரம் தாண்டவில்லை.
கூட வந்த புருஷன் இசக்கிராசு
பட்டறையில் தோலுக்குச் சாயம் ஏற்றுகிறவன்,
நகமெல்லாம் காப்பிக்கொட்டை நிறம்.

காம்ப்ளி மேடம் இந்தியில் சொன்னார்:
குணசூத்திரத்தில் ஒரு மாற்றம்.
நல்ல சொல்தான், மராத்தியிலும் அதேதான்,
குணங்களைக் கோர்த்த நூல்.
பேச்சித்தாய் காதில்
முன்பாதி மட்டும் விழுந்தது.
“எங் குணத்துக்கு என்ன கொறச்சலாம்?”
மாமியார் வாயில் மூன்று வருடம் கேட்டதை
இனி இங்கேயும் கேட்கவேண்டுமா
என்பதுபோலப் பார்த்தாள்.

தமிழ் தெரியுமென்று என்னைக் கூப்பிட்டார்கள்.
பள்ளிப் புத்தகம் நாக்கில் வந்தது: நிறப்புரி.
உடலைக் கழற்றிவிட்டு
அந்த இடத்தில் கயிற்றின் புரியை மாட்டிய
நம் ஆட்களின் கெட்டிக்காரத்தனம்.
“நெறமா?”
முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.
பெண் பார்க்க வந்த அன்றைக்கும்
அதுதானே பேச்சு.

கிரேக்கமாக இருக்கும்வரை
சொற்கள் யாரையும் கடிப்பதில்லை.

இல்லம்மா, என்றேன்.
குணமுமில்லை, நிறமுமில்லை.
நிறம் நாங்கள் ஏற்றியது.
படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
பதினொன்றின் நுனி இருபத்திரண்டில்,
அதன் நுனி இதில்.
எதுவும் தொலையவில்லை.
இடம் மாறி ஒட்டியிருக்கிறது.
அடுத்தது தங்கவும் செய்யலாம்.

“இது யாரோடது?”
தாளின் மூலையில் பெயர் இருந்தது.
நான் வாசிக்கவில்லை.
அவனே எழுத்துக் கூட்டினான்.

கீழே தெருவில் ஒரு டெம்போ
ரொம்ப நேரம் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.

“தோல்ல கீறல் இருந்தா
பச்சையா இருக்கையில தெரியாதுக்கா.
சாயம் ஏத்துனாத்தான் காட்டிக் குடுக்கும்.
அதுக்காக, கீறல் சாயத்தால வந்ததுன்னு சொல்ல முடியுமா?”
அப்புறம் பேச்சித்தாயைப் பார்க்காமல்,
“அம்மாட்ட நாஞ் சொல்லிக்கிடுதேன்.”

அகராதியில் பார்த்தேன் சாயங்காலம்.
குரோமா முதலில் தோலையே சொன்னதாம்,
உடம்பின் மேற்பரப்பை, அதன் நிறத்தை.
வெறும் நிறமானது பிற்பாடு.
தோல்காரனிடம் சொல்ல ஆசையாக இருந்தது.
போன் நம்பர் படிவத்தில் இருக்கிறது,
அதற்கெல்லாம் கூப்பிட முடியுமா?

மாட்டுங்கா தாண்டும்போது மேனி ஞாபகம் வந்தது.
உடலும் அதுதான், நிறமும் அதுதான்.
ஒட்டியிருக்கவே வேண்டாம்.
சொல்லப்போனால்
அவர் கைவிட்ட இடம் தப்பு.

பக்கத்து சீட்டுக்காரி
கம்பியைப் பிடித்திருந்த என் விரலையே பார்த்தாள்.
எந்த சோப்புக்கும் போகாத கீம்சா ஊதா.
“ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறீர்களா?” என்றாள் மராத்தியில்.
ஆமாம், என்றேன்.